ஐரோப்பிய வரலாற்றில் நமக்கு ஒரு தேர்வு

 

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஐரோப்பிய வரலாறு படிக்கின்றனர். மறுமலர்ச்சி, சமயச் சீர்திருத்தம், கடல்வழிக் கண்டுபிடிப்புகள், பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி எனப் பாடங்கள் வரிசையாக வருகின்றன. ஆண்டுகளை மனனம் செய்கின்றனர், தேர்வு எழுதுகின்றனர், பிறகு மறந்துவிடுகின்றனர். அந்த வரலாற்றில் முஸ்லிம்கள் தலைகாட்டும் இடமெல்லாம் பெரும்பாலும் போர்க்களமாகவே இருக்கின்றது. 732இல் பிரான்சில் தோற்ற படை. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற படை. 1683இல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய படை. இவற்றை மட்டுமே படித்து வளரும் பிள்ளை, மேலை நாகரிகத்திற்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வாளைத் தவிர வேறு உறவே இருந்ததில்லை என்று எண்ணிக்கொள்கிறது.

வீட்டிலோ நாம் நடத்தும் பாடம் இதற்கு நேர்மாறானது. "ஐரோப்பாவுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றோம். "எதைக் கற்றுக்கொடுத்தோம்? யார் கற்றுக்கொடுத்தார்? எந்த ஊரில்? எந்த ஆண்டில்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேரிடம் விடை இருக்கின்றது?

வரலாறு சொல்வதும் ஒருவகைச் சாட்சியமே. சாட்சி சொல்பவர் தமக்கு வேண்டியவருக்காகக் கூட்டியும் சொல்லக்கூடாது. வேண்டாதவர் என்பதற்காகக் குறைத்தும் சொல்லக்கூடாது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். கீழே ஏழு கேள்விகள் உள்ளன. இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பத்துடன் அமருங்கள். விடையை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள்.

கேள்வி 1: ஐரோப்பாவில் மறுமலர்ச்சி தோன்றக் காரணம் என்ன?

பாடநூல்கள் பலவும் தரும் விடை நாம் அறிந்ததே. 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர்; அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் நூல்களுடன் இத்தாலிக்கு ஓடினர்; அதனால் மறுமலர்ச்சி பிறந்தது.

இந்த விடையை ஆண்டுகளைக் கொண்டே உரசிப் பாருங்கள். மறுமலர்ச்சியின் முன்னோடியாகப் போற்றப்படும் பெட்ரார்க் 1374இல் இறந்துவிட்டார். ஓவியர் ஜோட்டோ இறந்தது 1337இல். பிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை புருனலெஸ்கி 1436இல் கட்டி முடித்துவிட்டார். கிரேக்க மொழியைக் கற்பிக்க கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து மானுவேல் கிரிசோலோராஸ் பிளாரன்சுக்கு வந்தது 1397ஆம் ஆண்டு. அவர் யாருக்கும் அஞ்சி ஓடி வரவில்லை. அழைப்பின்பேரில் ஆசிரியராக வந்தார். இவை அனைத்தும் 1453க்கு முற்பட்டவை.

அப்படியானால் பாடநூல் முற்றிலும் பொய்யா? இல்லை. கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சிக்குப் பின்னும் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு வந்தனர். அதற்கு முன்பே வந்து குடியேறியிருந்த கர்தினால் பெஸ்ஸாரியோன் தாம் அரும்பாடுபட்டுத் திரட்டிய கிரேக்கச் சுவடிகளை 1468இல் வெனிஸ் நகருக்கு வழங்கினார். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு அவை எண்ணெய் ஊற்றின. விளக்கை ஏற்றியவை பல கைகள். அவற்றுள் ஒன்றைத் தேடி நாம் ஸ்பெயினுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி 2: ஒரே ஒரு நூலைத் தேடி இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குச் சென்ற அறிஞர் யார்?

கிரிமோனா நகரத்து ஜெரார்டு. காலம் ஏறத்தாழ 1114 முதல் 1187 வரை. அவர் தேடிச் சென்றது தாலமி என்ற கிரேக்க அறிஞரின் வானியல் நூல். கிரேக்கத்தில் எழுதப்பட்ட அந்நூல் லத்தீன் உலகில் கிடைக்கவில்லை. பக்தாதில் அரபு மொழிக்கு வந்திருந்த அது, அரபு உலகில் "அல் மஜிஸ்தீ" என்று அறியப்பட்டிருந்தது.

துலைதுலா என்று அரபியர் அழைத்த தொலேடோ நகரம் 1085இல் ஆறாம் அல்போன்சோ மன்னரின் கைக்கு மாறியது. ஆட்சி மாறினும் அரபு நூல்களும் அரபு அறிந்த மக்களும் அங்கே இருந்தனர். அங்கு வந்த ஜெரார்டு, ஒவ்வொரு துறையிலும் குவிந்து கிடந்த அரபு நூல்களைக் கண்டார். தம் மக்களிடம் அவை இல்லாத வறுமையை எண்ணி வருந்தினார். அரபு மொழியைக் கற்றார். அவருடைய மாணவர்கள் எழுதி வைத்த செய்தி இது. அரபு பேசும் கிறிஸ்தவரான காலிப் என்பவர் அவருக்குத் துணைநின்றார். தேடி வந்த நூலை 1175இல் முடித்த ஜெரார்டு, எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் பெயர்த்துவிட்டே மறைந்தார். இப்னு ஸீனாவின் "அல் கானூன் ஃபித்திப்" என்ற மருத்துவப் பெருநூலும், குர்துபா அருகே வாழ்ந்த அஸ்ஸஹ்ராவியின் அறுவை மருத்துவப் பகுதியும் அவற்றுள் அடங்கும்.

இங்கே ஒரு சாட்சியத்தைக் கூட்டாமல் சொல்ல வேண்டும். மூலநூல் கிரேக்கருடையது. கலீஃபா மஃமூன் காலத்தையொட்டி பக்தாதில் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்தோருள் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். ஜெரார்டு நம்மிடம் கற்றதுபோலவே நாமும் பிறரிடம் கற்றவர்கள். கற்றதைத் திருத்தியும் வளர்த்தும் கொடுத்தோம் என்பதே நமக்குரிய பெருமை.

கேள்வி 3: இன்று உலகம் முழுவதும் எழுதும் எண்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் யார்?

"அரபு எண்கள்" என்று மேலை நாட்டார் பெயரிட்டதால் அவை அரபியரின் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் கருதுகின்றனர். அரபியர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. பக்தாதில் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல் குவாரிஸ்மி எழுதிய கணக்கு நூல் அவற்றை இந்திய எண்கள் என்றே குறிப்பிட்டது. சுழியத்தை வைத்துக் கணக்கிடும் விதிகளை 628இலேயே பிரம்மகுப்தர் எழுதியிருந்தார். அவை பிறந்த மண் நம் நாடு.

பீசா நகரத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த லியனார்டோ, பிற்காலத்தார் ஃபிபோனாச்சி என்று அழைக்கும் அறிஞர், தம் தந்தை பணிபுரிந்த பிஜாயா துறைமுகத்தில் இக்கணக்கு முறையைக் கற்றார். அது இன்றைய அல்ஜீரியாவில் உள்ளது. 1202இல் அவர் எழுதிய நூல் இவ்வெண்களை ஐரோப்பிய வணிகருக்கு அறிமுகம் செய்தது. அவரும் அவற்றை இந்தியரின் ஒன்பது குறிகள் என்றே அழைத்தார். வெறுமை எனப் பொருள்படும் "ஸிஃப்ர்" என்ற அரபுச் சொல்லிலிருந்தே சுழியத்துக்கான ஐரோப்பியப் பெயர் வந்தது.

எல்லாரும் அதை உடனே வரவேற்றனரா? இல்லை. 1299இல் பிளாரன்சின் பணமாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதக்கூடாதெனத் தடை விதித்தது. தொகைகளைச் சொற்களால் எழுத வேண்டும் என்றது. புதியதைக் கண்டு தயங்குவது எந்த ஒரு சமுதாயத்துக்கும் மட்டும் உரிய குணமன்று.

கேள்வி 4: புனித ரோமப் பேரரசர்களின் முடிசூட்டு மேலாடையில் எந்த மொழி பொறிக்கப்பட்டுள்ளது?

லத்தீன் என்பீர்கள், ஜெர்மன் என்பீர்கள். அரபு என்பதே சரியான விடை.

சிசிலித் தீவை முஸ்லிம்களிடமிருந்து 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் கைப்பற்றினர். அவர்களுள் இரண்டாம் ரோஜர் மன்னருக்காகத் தலைநகர் பலர்மோவில் செம்பட்டு மேலாடை ஒன்று நெய்யப்பட்டது. நடுவே பேரீச்ச மரம். இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம். விளிம்பில் தங்க இழையால் கூஃபி எழுத்து. அதில் காணப்படும் ஆண்டு ஹிஜ்ரி 528, அதாவது கி.பி. 1133-34. ரோஜரின் வாரிசுகள் வழியே பேரரசர்களின் கைக்குச் சென்று, முடிசூட்டு விழா உடைகளுள் ஒன்றான அதை இன்றும் வியன்னா அரண்மனைக் கருவூலத்தில் காணலாம். இதே ரோஜரின் அவையில்தான் அல் இத்ரீஸி உலக நிலவியல் நூலை 1154இல் நிறைவு செய்தார்.

இந்த விடையில் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். ரோஜரின் பேரரான இரண்டாம் பிரெடரிக், அரபு அறிவியலில் ஆர்வம் கொண்டவர். அவரே, கலகம் செய்த சிசிலி முஸ்லிம்களை 1220களில் தொடங்கி இத்தாலியின் லுச்சேரா நகருக்குக் குடிபெயர்த்தார். 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. அதன் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஒரு மக்களின் கலையை விரும்புவது வேறு. அம்மக்களுடன் சேர்ந்து வாழ விரும்புவது வேறு.

கேள்வி 5: உலகின் முதல் பல்கலைக்கழகம் எது?

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் விடை உடனே வரும். 859இல் ஃபாஸ் நகரில் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி அம்மையார் கட்டியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசல். அது ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தொழுகைக்கும் கல்விக்கும் இடமளித்து வருவது உண்மை. 10ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் எழுந்த அல் அஸ்ஹரும், 11ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த நிழாமிய்யா மத்ரஸாவும் உலகறிந்தவை.

எனினும் சாட்சியம் துல்லியமாக இருக்கட்டும். நம் கல்விச்சாலைகளில் மாணவருக்கு "இஜாஸா" வழங்கியவர் ஆசிரியர். அது ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு, ஒரு நூலையோ துறையையோ கற்பிக்கத் தந்த அனுமதி. "யாரிடம் ஓதினீர்?" என்பதே கேள்வி, "எங்கே ஓதினீர்?" என்பது இரண்டாவது. மத்ரஸா வக்ஃபு சொத்தால் நடந்தது. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனைகள் அதைக் கட்டுப்படுத்தின.

போலோனாவிலும் பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது வேறொரு அமைப்பு. "யுனிவர்சிடாஸ்" என்ற லத்தீன் சொல்லுக்குச் சங்கம், கூட்டமைப்பு என்று பொருள். ஆசிரியர்களோ மாணவர்களோ ஒன்றுகூடித் தமக்கென விதிகள் வகுத்தனர், தேர்வு வைத்தனர், பட்டம் தந்தனர். ஆசிரியர் இறந்தாலும் அமைப்பு இறவாது. இது ஐரோப்பாவின் சொந்த ஆக்கம். இதை ஒப்புக்கொள்வதால் கரவிய்யீனின் மாண்பு ஒரு சிறிதும் குறையாது. அடுத்த கேள்விக்கான திறவுகோலும் இதில்தான் உள்ளது.

கேள்வி 6: பாரிஸ் அறிஞர்கள் "உரையாசிரியர்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டது யாரை?

இப்னு ருஷ்து அவர்களை. 1126இல் குர்துபாவில் பிறந்தவர். பாட்டனாரைப் போலவே காழியாகப் பணியாற்றியவர். மார்க்கச் சட்டத்தில் அவர் எழுதிய "பிதாயத்துல் முஜ்தஹித்" இன்றும் ஓதப்படும் நூல். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு அவர் எழுதிய உரைகள் லத்தீனுக்குச் சென்றபோது, "அந்த உரையாசிரியர்" என்றாலே அவர்தான் என்ற நிலை ஏற்பட்டது.

அவருக்கு என்ன நேர்ந்தது? 1195இல் சொந்த ஊரிலிருந்து லூசேனா என்ற சிற்றூருக்கு வெளியேற்றப்பட்டார். மெய்யியல் நூல்களைக் கொளுத்த ஆணை பிறந்தது. பின்னர் மன்னிக்கப்பட்டு மர்ராகிஷ் சென்றவர், 1198இல் அங்கே இறந்தார். அவருடைய உரைகள் சில இன்று அரபு மூலத்தில் முழுமையாக இல்லை; லத்தீன், ஹீப்ரு பெயர்ப்புகளில்தான் எஞ்சியுள்ளன. நம் அறிஞரைப் படிக்க நாமே பிறர் மொழிக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது.

ஐரோப்பா மட்டும் கருத்துச் சுதந்திரத்துடன் இருந்ததோ என்றால், அதுவும் இல்லை. 1277 மார்ச் 7ஆம் நாள் பாரிஸ் நகர ஆயர் 219 கருத்துகளைத் தடைசெய்தார். அவற்றுள் பல இப்னு ருஷ்துவைப் பின்பற்றியோர் மீது குறிவைத்தவை. இரு பக்கமும் தடை இருந்தது. ஆனால் அங்கே பாரிஸ் பல்கலைக்கழகம் 1255இலேயே அரிஸ்டாட்டிலின் நூல்களைப் பாடத்திட்டத்தில் சேர்த்திருந்தது. ஆயர் தடுத்தாலும் அமைப்பு நின்றது; பாடம் தொடர்ந்தது. இங்கே அறிஞர் தனிமனிதர். ஆட்சியாளர் ஆதரவு விலகியதும் அவருடைய மெய்யியல் பணியைத் தாங்க நிலையம் இல்லை.

கேள்வி 7: இப்னு ஸீனாவின் மருத்துவ நூல் அரபு மொழியில் முதன்முதலாக அச்சேறிய ஊர் எது?

கெய்ரோ அன்று, டமாஸ்கஸ் அன்று, இஸ்தான்புல் அன்று. ரோமாபுரி. ஆண்டு 1593. மெடிசி குடும்பத்தின் ஆதரவில் நடந்த அச்சகம் அதை வெளியிட்டது. அதன் லத்தீன் பெயர்ப்போ 1470களிலேயே அச்சாகி, ஐரோப்பிய மருத்துவக் கல்விச்சாலைகளில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது.

கூட்டன்பர்க் தம் பைபிளை அச்சிட்டது 1455ஐ ஒட்டி. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு உதுமானியர் நிழலில் அடைக்கலம் பெற்ற யூதர்கள் 1493இலேயே இஸ்தான்புல்லில் ஹீப்ரு அச்சகம் நடத்தினர். அதே நகரில் முஸ்லிம் ஒருவர், இப்ராஹீம் முத்தஃபர்ரிகா, அரபு எழுத்தில் முதல் நூலை வெளியிட்டது 1729இல். ரோமில் இப்னு ஸீனாவின் நூல் வெளிவந்து 136 ஆண்டுகளுக்குப் பிறகு! கையெழுத்துப் படிகளின் அழகும், அவற்றை எழுதி வாழ்ந்தோரின் பிழைப்பும், அச்சில் பிழை நேருமோ என்ற அச்சமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. காரணம் எதுவாயினும், இடைப்பட்ட தலைமுறைகள் இழந்த அறிவை யார் திருப்பித் தர இயலும்?

மதிப்பெண் இடுவோம்

அன்பர்களே! ஏழு கேள்விகளையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். தொலேடோவும் பலர்மோவும் பிஜாயாவும், முஸ்லிம் உலகுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வாளைத் தவிரப் புத்தகமும் கணக்கேடும் பட்டும் கைமாறின என்று காட்டுகின்றன. இது, பள்ளிப் பாடத்தால் நம் பிள்ளை அடைந்த தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து. பல்கலைக்கழகமும் லூசேனாவும் ரோமாபுரி அச்சகமும், நாம் தவறவிட்டவற்றைக் காட்டுகின்றன. இது, வீட்டுப் பாடத்தால் பிள்ளை அடைந்த வீண் பெருமைக்கு மருந்து. ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதை மறைத்தால் நோய் தீராது.

ஜெரார்டு தம்மவரின் வறுமையை ஒப்புக்கொண்டார். அதனால் அரபு கற்றார். அல் குவாரிஸ்மி எண்கள் இந்தியருடையவை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அவர் புகழ் மங்கிவிடவில்லை. அல்காரிதம் என்ற சொல்லாக அவர் பெயர் இன்று ஒவ்வொரு கணினியிலும் வாழ்கின்றது. ஆசிரியரின் பெயரை மறைக்காமல் சொல்பவர் எவரோ அவரே கற்பதில் முன்னேறுகின்றார். "எங்களிடம் எல்லாம் இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்த சமுதாயம், எந்த மதத்தைச் சார்ந்ததாயினும், அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஆகவே பெற்றோரே! தேர்வில் மறுமலர்ச்சிக்குக் காரணம் கேட்டால், 1453 என்ற பாடநூல் விடையை உங்கள் பிள்ளை எழுதட்டும். கூடவே 1397ஐயும் 1175ஐயும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். "எல்லாம் நாம் தந்ததே" என்று அடுத்த முறை உங்கள் நாவில் வரும்போது, ஒரு பெயரையும் ஓர் ஊரையும் ஓர் ஆண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகின்றதா என்று பாருங்கள். முடியாவிட்டால் சற்றுப் பொறுங்கள்; பிள்ளையுடன் நூலகத்துக்குச் சென்று தேடுங்கள். தொலேடோவுக்கு ஒரு புத்தகத்தைத் தேடி நடந்த அந்த மனிதரின் உழைப்பில் நூறில் ஒரு பங்கு நம்மிடம் வந்துவிட்டாலும் போதும், இந்தத் தேர்வில் நாம் தேறிவிடுவோம்.

உண்மையை உள்ளபடி சொல்லும் நாவையும், எவரிடமிருந்தாயினும் கற்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.